ஆச்சி எப்போதும் நடுக்குழியில்தான் எடுப்பாள்

“அத்தை, இது போங்காட்டம்” என்றான் தம்பி மகன். பதினொரு வயது. வெறும் குழியைத் தடவிவிட்டு அதற்கு அடுத்த குழியை நான் அள்ளியது வரைக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நேர் எதிரே, அவன் பக்கத்தில் இருந்த குழியையும் சேர்த்து அள்ளினேன் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து போய்ப் பல்லாங்குழிப் பெட்டிக்குள் கிடந்த, விதிகள் அச்சிட்ட துண்டுச்சீட்டை எடுத்து வந்து நீட்டினான். ஆறே ஆறு வரி. எதிர்க்குழியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அந்தப் பல்லாங்குழி ஒரு வளைகாப்பில் தாம்பூலப் பையோடு கிடைத்தது. நடுவில் மடித்து மூடுகிற பிளாஸ்டிக் பலகை, கூடவே ஒரு பை நிறையச் சின்னச் சோழி. இரண்டு வருடம் அலமாரியில் சும்மா கிடந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். சோழிகளை நான் ஓரமாக வைத்துவிட்டேன். என்னிடம் ஆச்சியின் கற்கள் இருந்தன. தாமிரபரணியில் பொறுக்கிய கூழாங்கற்கள், சுண்டுவிரல் நகம் அளவு, மொத்தம் 70. சோழி கலகலக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆற்றுக்கல் குழியில் விழும்போது ஒரு சின்ன ‘டொக்’ வரும். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு ஆட வராது.

சீட்டில் இல்லாததை நான் எப்படி ஆடலாம் என்பது அவன் கேள்வி. எங்கள் ஆச்சி வீட்டில் அப்படித்தான் என்பது என் பதில். கேட்டால் கோர்ட்டில் நிற்காத பதில்தான். ஆனால் பல்லாங்குழிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. நாலு தெரு தள்ளிப் போனால் விதி மாறும். குழிக்கு நாலு போடுகிறவர்கள் உண்டு, ஐந்து உண்டு, ஆறு உண்டு. பன்னிரண்டு போட்டு ஆடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே உட்கார்ந்தவுடன் முதல் கல்லைத் தொடுவதற்கு முன்னால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு மூன்று உண்டு. எதிர்க்குழி சேருமா, பசுவை மறந்தால் என்ன, கடைசியில் கஞ்சி உண்டா. பேசாமல் ஆரம்பித்தால் துண்டுச்சீட்டைத் தேட வேண்டிவரும்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டு விதிதான், வேறு விதி எனக்குக் கையோடு வராது.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவில் பலகை. ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆக 14. பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி பறித்துக்கொள்ளலாம். பழைய கோயில் மண்டபங்களில் கல் தரையிலேயே குழி குடைந்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழிக்கு ஐந்து கல் போட வேண்டும், அதனால் 70. கூழாங்கல்தான் வேண்டும் என்றில்லை. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி எதுவானாலும் சரி.

ஆடுகிறவர் தன் வரிசையில் ஏதாவது ஒரு குழியை முழுக்க அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். என் பக்கம் இடமிருந்து வலம். என் ஏழாம் குழி தாண்டினால் எதிராளியின் முதல் குழி. அப்படியே சுற்றி அவருடைய ஏழாவது முடிந்து மறுபடி என் முதல் குழி. கையில் இருந்த கல் தீர்ந்ததும் நிற்கக் கூடாது. அடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொண்டு தொடர வேண்டும், அது யார் பக்கத்துக் குழியாக இருந்தாலும். இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்போது, கை காலியாகி, அடுத்த குழியும் வெறுமையாக இருந்தால் அங்கே ஆட்டம் நிற்கும். அந்த வெறும் குழியை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆச்சி வீட்டில் அதன் எதிர்க்குழியையும். அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடையாது, தடவியதுதான் மிச்சம். பிறகு எதிராளியின் முறை.

பசு என்று ஒன்று இருக்கிறது. போகிற போக்கில் ஒரு குழியில் சரியாக நாலு கல் சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் எடுத்துக்கொள்ளலாம். கல் போடுவது எதிராளியாக இருந்தாலும் என் குழியில் நாலு சேர்ந்தால் எனக்குத்தான். ஆனால் உடனே “பசு” என்று சொல்லி எடுக்க வேண்டும். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்து, அதில் ஐந்தாவது கல் விழுந்துவிட்டால் போச்சு. ஆச்சி இந்த விஷயத்தில் இரக்கமே காட்ட மாட்டாள். எனக்கு ஏழு வயதில்கூடக் காட்டியதில்லை. “பசுவ மேய விட்டுட்டு எங்கட்டி பாக்க?” என்று ஐந்தாவது கல்லைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

ஒரு பசுவை எடுத்தால் நாலு கல் வருவது மட்டும் அல்ல. அந்தக் குழி வெறுமையாகிறது. எதிராளியின் கை அடுத்த சுற்றில் அங்கே வந்து முட்டி நிற்கலாம், அல்லது அதற்கு அடுத்த குழியில் நான் சேர்த்து வைத்திருந்ததை அவர் அள்ளிக்கொண்டு போகலாம். இது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. கல் நிறைந்த குழிக்கு முன்னால் ஒரு வெறும் குழி இருந்தால் அது திறந்து போட்ட வீடு. குழியில் எத்தனை கல் இருக்கிறது என்பதைவிட அதற்கு முன் குழியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்தான் ஜெயிப்பார்.

இன்னொரு கண்டிப்பு, குழிக்குள் விரலை விட்டு எண்ணக் கூடாது. “எண்ணாத. கண்ணால பாரு” என்பாள். தொட்டால் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு மூன்று கல்லைக் கண்ணால் சொல்லிவிடலாம். எட்டா ஒன்பதா என்று குவியலைப் பார்த்தே சொல்ல அவளுக்கு வரும், எனக்கு இன்றைக்கும் ஒன்று கூடக் குறைய ஆகும். அந்த ஒன்றில்தான் ஆட்டம் போகும். தாயத்திலோ பரமபதத்திலோ தோற்றால் கட்டையைத் திட்டலாம். இங்கே உருட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாக் கல்லும் கண் முன்னால் கிடக்கிறது. ஆடு புலி ஆட்டத்தின் 3 புலியும் 15 ஆடும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஆனாலும் பெண்பிள்ளைகள் பொழுதுபோக்க எண்ணிப் பழகுகிற விளையாட்டு என்றுதான் இதற்குப் பேர். ஆடு புலி ஆட்டம் திண்ணையில் ஆண்கள் ஆடியது, அதனால் அதை மூளைக்கு வேலை என்றார்கள். பல்லாங்குழி உள்வீட்டில், வயதுக்கு வந்து தனியே உட்காரவைத்த பெண்ணும் பிள்ளை உண்டாகியிருக்கிறவளும் ஆடியது. சீர்வரிசையில் பாத்திரங்களோடு இதையும் வைத்துக் கொடுத்தார்கள். அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று ஒரு ஆட்டம்கூட உண்டு, ஒற்றை ஆளுக்கானது. அதை நான் ஆடியதில்லை. எதிரே ஆள் இல்லாத பல்லாங்குழியில் எனக்கு என்னவோ மனம் ஒட்டவில்லை.

சரி, எங்கள் சண்டைக்கு வருகிறேன். சீட்டில் இருக்கிறபடியே ஆடிப் பார்ப்போம், எதிர்க்குழி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தேன். அவன் முதல் குழியில் எடுத்தான். ஏழு கல் கிடைத்தது. கலைத்து அடுக்கி மறு ஆட்டம். இந்த முறை நான் மூன்றாம் குழியில் எடுத்தேன். ஏழு. அடுத்த ஆட்டம் அவன் ஆறாம் குழியில். ஏழு. “எங்க எடுத்தாலும் ஏழுதான் வருது அத்தை” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடமாக ஆடுகிறேன், இது கண்ணில் பட்டதே இல்லை.

யோசித்தால் வியக்க ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் எல்லாக் குழியிலும் ஐந்து. வட்டமாகச் சுற்றுகிற ஆட்டத்தில் எந்த இடத்தில் தொடங்கினால் என்ன, கை ஒரே மாதிரிதான் ஓடும். முதல் குழியில் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கல்லும் இரண்டு முதல் ஆறு வரை விழும். அடுத்தது என் ஏழாம் குழி, அதை அள்ளினால் எதிராளியின் முதல் ஐந்து குழியில் விழும். அடுத்தது அவருடைய ஆறாம் குழி. அதை அள்ளி அவருடைய ஏழாவதிலும் என் முதல் நாலிலும் போட வேண்டும். இப்போது என் ஐந்தாம் குழி, அதில் ஆறு கல் ஆகியிருக்கும். அது என் ஆறு, ஏழு, அவருடைய முதல் நாலு. அடுத்து அவருடைய ஐந்தாம் குழி, அதிலும் ஆறு. அவருடைய ஆறு, ஏழு, மறுபடி என் முதல் நாலு. கை காலி. அடுத்தது என் ஐந்தாம் குழி, அதைத்தான் கொஞ்சம் முன்னால் அள்ளினோமே, வெறுமை. தடவிவிட்டு ஆறாம் குழியை எடுத்தால் ஏழு கல். ஐந்து முறை அள்ளி 27 கல் போட்டுக் கிடைத்தது ஏழு. எங்கே தொடங்கினாலும், தொடங்கிய குழியிலிருந்து ஐந்தாவதாக இருக்கிற குழி கைக்கு வரும், அதில் ஏழு இருக்கும்.

ராத்திரி அவன் தூங்கின பிறகு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்க்குழியையும் சேர்த்தால்? எதிர்க்குழி சேரும்போது வட்டக் கணக்கு செல்லாது, ஏனென்றால் எதிரே இருப்பது எது என்பது தொடங்கும் இடத்தைப் பொறுத்து மாறும். ஏழு குழிக்கும் தனித்தனியே போட்டுப் பார்த்தேன். முதல் குழியில் தொடங்கினால் 14. இரண்டாவதில் 8. மூன்றாவதில் எதிர்க்குழி தடவிய அதே வெறும் குழியாகிவிடுகிறது, அதனால் வெறும் 7. ஐந்தாவதில் 9, ஆறாவதில் 8, ஏழாவதில் 14. நாலாவதில், அதாவது நட்டநடுக் குழியில், 15. இருப்பதிலேயே அதிகம்.

ஆச்சி எப்போதும் நடுக்குழியில்தான் எடுப்பாள்.

அதை ஒரு சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தேன். கோலத்தை நடுப்புள்ளியில் ஆரம்பிப்பது போல என்று. ஒருமுறை கேட்டதுகூட நினைவிருக்கிறது. “அங்கெருந்து எடுத்தாத்தான் நல்லாருக்கும்ட்டி” என்றாள், அவ்வளவுதான். அவள் எட்டாம் வகுப்பு தாண்டாதவள். நோட்டுப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாள். ஆயிரம் தடவை ஆடியதில் கை கண்டுபிடித்ததா, அவளுடைய ஆச்சி சொல்லிக்கொடுத்ததா, இல்லை உண்மையிலேயே சும்மா பழக்கம்தானா? கேட்க ஆள் இல்லை. கணக்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் கை 15 என்பதற்காக ஆட்டமே கையில் வந்துவிடாது. எதிராளியின் முறையில் குழிகள் கன்னாபின்னாவென்று மாறிப்போயிருக்கும், அங்கிருந்து கணக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுசு. ஒரு பக்கம் ஆடக் கல்லே இல்லாமல் போனால் அந்த ஆட்டை, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, முடிந்தது. மிச்சம் கிடப்பது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்காரருக்கு.

பல்லாங்குழியில் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் ஆட்டை முடிந்ததும் ஆளாளுக்குத் தம் வரிசையை மறுபடி ஐந்து ஐந்தாக நிரப்ப வேண்டும். என்னிடம் 42, உன்னிடம் 28 என்றால் நான் ஏழு குழியையும் நிரப்பி ஏழு கல்லை மடியில் வைத்துக்கொள்வேன். உனக்கு ஐந்து குழிதான் நிரம்பும், மூன்று கல் கையில் நிற்கும். நிரம்பாத இரண்டு குழியும் அடுத்த ஆட்டை முழுக்க மூடிக் கிடக்கும். ஆச்சி அதன் மேல் ஈர்க்குச்சி முறித்து வைப்பாள். கல் போடும்போது அதைத் தாண்டிப் போக வேண்டும். ஆட்டை ஆட்டையாகத் தோற்கிறவருக்குக் குழி குறைந்துகொண்டே வரும். நிலம் கைமாறுவது மாதிரி. நான் அழுதது எல்லாம் இந்தக் கட்டத்தில்தான். தோற்றதற்காக அல்ல, என் குழி மேல் குச்சி வைத்ததற்காக.

ஆனால் குழி மூடினால் தோற்றவருக்கு நஷ்டம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மறுநாள் ராத்திரி இதையும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஜெயித்தவர்தான் அடுத்த ஆட்டையைத் தொடங்குவார். ஒரு குழி மூடி 13 குழியானால், அதே ஐந்து கல்தான், ஆனால் தொடங்குகிறவர் நாலு முறை அள்ளிச் சுற்றிவிட்டுக் கடைசியில் தொடங்கிய குழிக்கே வந்து சேர்கிறார். அதில் இருப்பது ஒரே ஒரு கல். எதிர்க்குழியில் ஏதாவது இருந்தால் அது தனி. 14 குழியில் ஏழு தந்த அதே கை, ஒரே ஒரு குழியை மூடினால் ஒன்று தருகிறது. இரண்டு குழி மூடி 12 ஆனால் இரண்டே அள்ளில் கை நின்றுவிடும், கிடைப்பது ஆறு. ஜெயித்த மிதப்பில் போன ஆட்டையின் ஞாபகத்தோடு கல்லை எடுத்தால் அங்கேதான் சறுக்கும். ஆச்சி சில சமயம் வேண்டுமென்றே குறைத்து ஜெயிக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 42 எடுக்க வேண்டிய இடத்தில் 37 எடுத்தால் எனக்கு 33. மூடுவது ஒரே குழி. தொடங்குவது அவள். கிடைப்பது ஒரு கல். அப்படியென்றால் அது அவளுக்கே நஷ்டம் ஆயிற்றே? பேத்திக்காக விட்டிருப்பாளோ என்று நினைக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் பசுவில் இரக்கம் காட்டாதவள் இதில் மட்டும் காட்டியிருப்பாள் என்று நம்ப முடியவில்லை.

கடைசியில் ஒருவரிடம் ஒரு குழி நிரப்பக்கூடக் கல் இல்லாமல் நாலோ மூன்றோ மிஞ்சும். அப்போது ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் ‘கஞ்சி காய்ச்சுவது’ என்று ஒன்று உண்டு. மிஞ்சியதைக் குழிக்கு ஒன்றாகப் பரப்பிப் போட்டு ஆடுவது. எதிராளியும் அதே போல ஒவ்வொன்றாகப் போட்டு ஆட வேண்டும். சோற்றுக்கு வழியில்லாதவன் இருக்கிற அரிசியில் கஞ்சி வைத்துக் குடிக்கிறான் என்ற கணக்கு. கஞ்சியிலிருந்து எழுந்து மறுபடி குழிகளைப் பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. தன் அக்கா ஒருத்தி அப்படி எழுந்ததாக ஆச்சி சொல்வாள். அவள் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு குழி கூடும்.

இந்த ஆட்டம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கன்னடத்தில் அளிகுளி மனே, துளுவில் சென்னே மனே, தெலுங்கில் வாமன குண்டலு, சிங்களத்தில் ஒலிந்த கெலிய. ஒலிந்த என்றால் நம் குன்றிமணிதான். மலேசியாவில் சொங்காக் என்கிறார்கள், அங்கே பலகையின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி, ஜெயித்த கல்லைப் போட்டு வைக்க. நமக்கு மடிதான். ஆப்பிரிக்கா முழுக்க இதன் உறவுக்காரர்கள் பரவிக் கிடக்கிறார்கள். எது மூத்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வீட்டுச் சண்டையே எனக்குப் போதும்.

அது தீர்ந்தது. கடைசியில் எதிர்க்குழி சேரும் என்றே முடிவானது, ஆனால் அவன் சொன்ன ஒரு திருத்தத்தோடு: பசுவை மறந்தவர் அந்த ஆட்டை முடிகிற வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இது பாதகமான திருத்தம் என்று தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறான். நோட்டைக் காட்டி நடுக்குழி ரகசியத்தையும் சொல்லிக்கொடுத்தேன். 15 என்றதும் கண் விரிந்தது. அன்று முழுக்க அவன்தான் தொடங்கினான், நடுக்குழியில்தான் எடுத்தான். ஆறு ஆட்டத்தில் நாலு நான் தோற்றேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் வந்து, “இன்னைக்கு ஆறு ஆறாப் போடுவோமா அத்தை?” என்றான். ஆறு போட 84 வேண்டும். கல் 70தான் இருக்கிறது. சோழியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். சோழி பெருசு, பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அடுக்களைக்குப் போனான். டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் புளி கொட்டை நீக்கித்தானே வருகிறது, அதனால் ஒரு பிடி கொண்டைக்கடலையோடு திரும்பி வந்தான். எண்ணி 14 எடுத்து, குழிக்கு ஒன்றாக ஆச்சியின் ஐந்து கல் மேல் வைத்தான்.

“நீங்களே மொதல்ல எடுங்க” என்றான். முகத்தில் ஒரு சிரிப்பு. தலையணைக்கு அடியில் என் நோட்டு இருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தேன், நான் வைத்த இடம் அது இல்லை. என் கை நடுக்குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. இன்னும் தொடவில்லை.